விஸ்வநத்தமும் சிறுநீரகமும்

சிவகாசியை ஒட்டிக் கிடக்கும் விஸ்வநத்தத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், மழை குறைந்த பூமியையும், பட்டாசுத் தொழிலையும், அவ்வப்போது பத்திரிகைகளில் வரும் விபத்துச் செய்திகளையும் நினைப்பவர்கள் உண்டே தவிர, சிறுநீரகத்தை நினைப்பவர் ஒருவரும் இல்லை. நர்ஸிங் மாணவிகளும் தீக்காயத்தை ஓர் அத்தியாயத்திலும் சிறுநீரக வியாதிகளை வேறோர் அத்தியாயத்திலும் படித்துவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றே பரீட்சை வரையில் நம்பியிருக்கிறார்கள். தீக்காய வார்டில் ஓரிரவு கண்விழித்தவளுக்கோ, கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பையைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் நேர்ந்ததைப் போல ஒரே வேளையில் பலர் வெந்து வரும்போது, வெளியே தெரியும் புண்ணே எல்லோருடைய கண்ணையும் இழுக்கிறது. உள்ளே நடப்பது வேறு. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கி, இரத்தத்தின் திரவ பாகம் சதைக்குள் இறங்கிவிடுகிறது. இருதயம் வெளித்தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை வாங்கி, நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் வடித்து, அதில் ஒன்றரை லிட்டரளவே கழிவாக விட்டு மற்றதையெல்லாம் தேகத்துக்கே திருப்பித் தரும் சிறுநீரகம், வரத்துக் குறைந்ததும் தன் காரியத்தைச் சுருக்கிக்கொள்கிறது. வரத்து மீளாவிட்டால் அதன் நுண்குழல்கள் மடிகின்றன.

அதைத் தடுக்க, 1968-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரத்துப் பார்க்லண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்ஸ்டர் ஒரு கணக்கு வகுத்தார். எடையின் கிலோவையும் உடற்பரப்பில் வெந்த சதவீதத்தையும் பெருக்கி, அதை நான்கால் பெருக்கினால் முதல் நாளுக்கு ஏற்ற வேண்டிய திரவம் மில்லிலிட்டரில் வரும். அதில் பாதி முதல் 8 மணி நேரத்திலேயே ஏற வேண்டும். 60 கிலோ எடையுள்ளவர் 40 சதவீதம் வெந்திருந்தால் 9,600 மில்லி, அதில் 4,800 அந்த எட்டு மணிக்குள். இந்த எட்டு மணி நேரம் தீப்பட்ட நிமிஷத்திலிருந்து ஓடுகிறதே தவிர, வார்டுக்கு வந்த நிமிஷத்திலிருந்து அல்ல. பட்டாசு செட்டிலிருந்து தூக்கிச் சிவகாசி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, அங்கிருந்து மதுரைக்கு அனுப்புவதற்குள் எவ்வளவு நேரம் கரைந்துபோகும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஆகையால், "எத்தனை மணிக்குண்ணே வெடிச்சது?" என்று உடன் வந்தவரை முதலிலேயே கேட்டுக் குறித்துவைக்கும் நர்ஸ், மற்ற எந்தக் குறிப்பையும்விடப் பிரயோஜனமான குறிப்பை எழுதியவளாகிறாள்.

கணக்கு தொடக்கத்துக்குத்தான். சில இடங்களில் நான்குக்குப் பதில் இரண்டிலேயே தொடங்குகிறார்கள், ஏனெனில் அளவுக்கு மீறி ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். பிறகு வழிகாட்டுவது சிறுநீரேயாகும். வயது வந்தவருக்கு மணிக்குக் கிலோவுக்கு அரை மில்லியாவது இறங்க வேண்டும். மேற்சொன்னவருக்கு 30 மில்லி. நிறத்தையும் பார்க்க வேண்டும். கடுங்காப்பி நிறத்தில் இறங்கினால், ஆழமாக வெந்த தசையின் புரதம் சிறுநீரகத்தை அடைக்க வந்துவிட்டது என்று டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டும். 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளில் நசுங்கியவர்களிடம் பைவாட்டர்ஸ் என்னும் வைத்தியர் கண்டெழுதியதும் தசை சிதைந்தபின் சிறுநீரகம் செயலிழக்கும் இதே விபரீதத்தைத்தான்.

இது விரைந்து வரும் கேடு. மெதுவாக வருவதும் ஒன்றுண்டு. அதை வெளிநோயாளிப் பிரிவில்தான் பார்க்கலாம். அதற்காக எல்லாப் பட்டாசு ஆலைகளையும் ஒன்றாகக் குறை சொல்வது அநியாயம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே குடிநீரும் கழிப்பிடமும் கட்டாயம் என்று விதித்தது. விதி இருந்தும், ஒதுங்க வசதியான இடமில்லாத செட்டில் திரி வெட்டும் பெண் என்ன செய்வாள்? தண்ணீரையே குறைத்துக்கொள்கிறாள். "அக்கா, வேலைக்குப் போனா எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறீக?" என்று கேட்டால், "வீட்டுக்கு வந்துதான் தாயி" என்று பதில் வருகிறது. பெண்ணுக்குச் சிறுநீர்ப் புறவழி நாலு சென்டிமீட்டர் நீளமே ஆதலால் கிருமி ஏறுவது சுலபம். அடக்கிவைத்த நீரில் அது பெருகுவது அதைவிடச் சுலபம். நீர்க்கடுப்பையும் வெள்ளைப்படுதலையும் சேர்த்து "சூடு" என்று சொல்லி, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டு வருபவளிடம், அதைப் பரிகசிக்காமல், குளிர்காய்ச்சல் உண்டா, விலாவுக்குக் கீழே முதுகு வலிக்கிறதா என்று பிரித்துக் கேட்பதே சாமர்த்தியம். உண்டென்றால் கிருமி சிறுநீரகத்தையே தொட்டிருக்கலாம். கர்ப்பிணிக்கோ எரிச்சலே இல்லாமலும் கிருமி இருந்து குறைப்பிரசவம் வரை இழுத்துவிடக்கூடும் என்பதாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைக் கேட்டு வாங்குகிறார்கள். இலங்கையின் அனுராதபுரத்து விவசாயிகளிடமும் எல் சால்வடோர் கரும்புத் தோட்டத்தாரிடமும், சர்க்கரை வியாதியோ இரத்தக் கொதிப்போ இல்லாமலே சிறுநீரகம் கெடுவதை வைத்தியர்கள் கண்டு, காரணங்களில் ஒன்றாக உஷ்ணத்தையும் நீர் வறட்சியையும் சந்தேகிக்கிறார்கள். கந்தக பூமியின் சித்திரை வெயிலுக்கும் இது பொருந்தாது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

இனி இளநீர். நீர்க்கடுப்புக்காரிக்கு அதைக் கொடுத்தால் எவரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். அதே இளநீரைத் தீக்காயக்காரருக்கு உறவினர் அன்போடு சீவிக்கொண்டு வரும்போதுதான், இரண்டு அத்தியாயங்களையும் சேர்த்துப் படித்தவள் யாரென்று தெரியவரும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி; வெந்து சிதைந்த தசையிலிருந்தும் அது இரத்தத்தில் கலக்கிறது; வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்திருந்தால், இருதயத் துடிப்பே தடுமாறி நின்றுவிடலாம். மணிக்கணக்குச் சீட்டில் சிறுநீரின் அளவு குறைந்திருக்கிறதா, இரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்று பார்த்து, டாக்டரைக் கேட்காமல் ஒரு மிடறும் கூடாதென்று நிறுத்த வேண்டும். மூதாட்டிகள் கோபித்துக்கொள்வார்கள். சீட்டை அவர்களிடமே காட்டி, மூத்திரம் இறங்கினதும் கொடுக்கலாமா என்று கேட்டுச் சொல்கிறேன் பாட்டி என்று சமாதானம் கூறுவதும் அவள் வேலையில் சேர்ந்ததுதான்.