ஏறும் மனசு, இறங்கும் மனசு – காமிரா மோகம்

"சம்பளம் வந்து பத்து நாள்கூட ஆகலை. அதுக்குள்ள இன்னொரு லென்ஸா?"

காமிரா மோகம் புகுந்த வீட்டில் அடிக்கடி கேட்கும் குரல் இது. வாங்குகிறவர் கணவராக இருக்கலாம், வேலைக்குப் போகும் மகனாக இருக்கலாம். ஏன், நாமேகூட இருக்கலாம். திட்டித் தீர்ப்பதற்கு முன், அந்த மனசுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போமா?

முன்பெல்லாம் சென்னீர்குப்பத்துக்காரர் காமிரா வாங்க வேண்டுமானால், பூந்தமல்லியில் பஸ் ஏறி மவுண்ட் ரோடு போக வேண்டும். அந்நாளைய அக்ஃபா கிளிக் 3 காமிராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான். சுருளுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. ஆசைக்கு அதுவே கடிவாளம். இன்றோ நடுராத்திரியில் செல்போனில் விரலை வைத்தால், இரண்டு மூன்று நாளில் வாசலில் பார்சல். கையில் காசில்லாவிட்டாலும் மாதத் தவணை இருக்கவே இருக்கிறது!

சந்தோஷம் எங்கே இருக்கிறது?

1990-களில் வொல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற விஞ்ஞானி குரங்குகளுக்குப் பழரசம் கொடுத்து ஆராய்ந்தார். பழகிய பிறகு, ரசம் வாயில் விழும்போது அல்ல, அது வரப்போகிறது என்ற அடையாளம் தெரிந்ததுமே மூளையின் டோபமைன் செல்கள் விழித்துக்கொண்டன.

பார்சல் கதையும் ஏறக்குறைய இதுதான். எதை வாங்கலாம் என்று தேடும்போது ஒரே பரபரப்பு. பெட்டியைப் பிரிக்கும்போது தீபாவளி. நாலு நாள் போனால் ஒரு வெறுமை. கார்டு பில் வந்ததும் குற்ற உணர்ச்சி. அதை மறக்க, மறுபடி தேடல்! ஒரு கம்பெனி லென்ஸ் இன்னொரு கம்பெனி காமிராவில் சாதாரணமாகப் பொருந்தாது. லென்ஸுக்கு ஃபில்டர், ஸ்டாண்டு, பை என்று ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். பீரோவில் தூங்கும் லென்ஸையோ சென்னையின் ஈரக்காற்று விடுவதில்லை, பூஞ்சை பிடித்துவிடும்.

அடக்க முடியாமல் வாங்கித் தள்ளுவதை, 'ஓனியோமேனியா' என்ற பெயரில் ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்ளின் 1915-லேயே எழுதியிருக்கிறார். ஆகவே இது வெறும் ஊதாரித்தனம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. மனச்சோர்வோ பதற்றமோ இதற்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

என்ன செய்யலாம்?

• பில்லை ஒளிப்பது, விலையைக் குறைத்துச் சொல்வது, பழைய பெட்டி பிரிக்காமலே இருக்கப் புதியது வாங்குவது, கடன் வாங்கியாவது வாங்குவது – இவை எச்சரிக்கை மணிகள்.

• ஆசைப்பட்ட பொருளின் பெயர், விலை, தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி, 30 நாள் காத்திருக்கச் சொல்லுங்கள். பல ஆசைகள் அதற்குள் தானே வடிந்துவிடும்.

• செல்போனில் பதிந்து வைத்த கார்டு நம்பரை நீக்கிவிடுங்கள். தேவையென்றால் லென்ஸை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாமே!

• பால் கணக்கு, பள்ளிக் கட்டணம் போலவே காமிராவுக்கும் மாதம் ஒரு தொகை ஒதுக்கி, இருவரும் சேர்ந்து எழுதுங்கள்.

• "உங்களுக்குப் புத்தி இருக்கா?" என்று ஆரம்பித்தால் அடுத்த பார்சல் ஆபீஸ் விலாசத்துக்குப் போய்விடும்! "ஏங்க, மனசுக்கு ஏதாவது கஷ்டமா?" என்று கேட்டுப் பாருங்கள்.

• அப்படியும் அடங்கவில்லையா? மனநல மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். பேச்சு மூலமே சிகிச்சை உண்டு. 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

பிரெஞ்சு நாட்டு ஹென்றி கார்ட்டியே-பிரெஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றையே வைத்துக்கொண்டு உலகப் புகழ் பெற்றார். நம்மிடம் இருக்கும் காமிராவோடு ஒரு ஞாயிறு காலை குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய்வாருங்கள். எடுத்த படங்களில் நல்லதாக ஒன்றை பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். பார்சல் தந்த சந்தோஷம் நாலு நாள். இது பேரன் பேத்தி காலம்வரை நிற்கும்.