சுத்தமான, குளிர்ந்த தண்ணீருக்கு மட்டும்

வீட்டுத் தண்ணீர் மோட்டாரின் முதுகில் ரிவெட் அடித்த ஒரு தகடு இருக்கும். எத்தனை ஹெச்பி, எவ்வளவு தண்ணீர் தள்ளும் என்று கடையில் பார்த்துக்கொள்வோம். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதில் ஐஎஸ் 9079 என்று பொறித்திருந்தால் அதற்கு ஒரு பொருள் உண்டு. சுத்தமான, குளிர்ந்த தண்ணீரை இறைக்கும் பம்புகளுக்கான இந்தியத் தர எண் அது. பொரித்த எண்ணெயிலிருந்து பயோடீசல் செய்கிறவர்கள் அதே பம்பில் ஓடவிடுவது சுத்தமானதும் இல்லை, குளிர்ந்ததும் இல்லை, தண்ணீரும் இல்லை.

கோவைக்கு வெளியே சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் நண்பர் ஒருவரின் கொட்டகையில் இதைக் கண்ணால் பார்த்தேன். முகூர்த்த மாதங்களில் அவரிடம் வடைச்சட்டி எண்ணெய் டின் டின்னாகச் சேரும். அதை வீணாக்க மனமில்லாமல், அமெரிக்கக்காரர்களின் வீடியோக்களைப் பார்த்து அவரே ஓர் அமைப்பைக் கட்டியிருந்தார். பழைய கீசர் டேங்க், அரை ஹெச்பி மோனோபிளாக், ஒரு நீலக் கேன், சுற்றிலும் ஹோஸ். “ஒரு பேட்ச் கலக்க ரெண்டு மணி நேரம் ஆகுதுங்ணா. ஒரு ஹெச்பி மோட்டாரும் சொட்டுநீர்க் கடையில ஒரு வெஞ்சுரியும் வாங்கி மாட்டிட்டா சீக்கிரம் முடிஞ்சிருமுங்க” என்றார். வாங்குமுன் பழைய பம்பைக் கழற்றிப் பார்க்கலாம் என்றேன்.

நான்கு போல்ட்டைக் கழற்றியதும் விஷயம் தெரிந்துவிட்டது. மெக்கானிக்கல் சீலின் ரப்பர், ராத்திரி முழுக்க ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. நகத்தால் அழுத்தினால் பிய்ந்து வந்தது. பித்தளை இம்பெல்லரில் பச்சை படிந்த பிசுக்கு. ஷாஃப்ட் வழியே கசிந்த எண்ணெய் மோட்டார் பக்கம் வழிந்து, வயர்களை இணைக்கும் பெட்டிக்கு அடியில் கறையாக நின்றது. அந்தக் கசிவில் மெத்தனாலும் இருந்திருக்கும். இரண்டு மணி நேரம் அந்த மோட்டார் ஓட, இரண்டடி தள்ளி அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

பயோடீசல் செய்முறை சிக்கலானது இல்லை. நூறு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் இருபது லிட்டர் மெத்தனால், அதில் கரைத்த காஸ்டிக் சோடா அல்லது காஸ்டிக் பொட்டாஷ். 55 டிகிரி அளவில் சூடாக வைத்து நன்றாகக் கலக்கினால் மேலே பயோடீசல், கீழே கிளிசரின் என்று பிரியும். கலக்குவதுதான் இதில் பெரிய வேலை. எண்ணெயும் மெத்தனாலும் தாமாக ஒட்டாதவை. பம்பின் வேகம் கூடினால் துளிகள் பொடியாகி வினை விரைவாக நடக்கும். நண்பரின் கணக்கு அந்த அளவில் சரிதான்.

வெஞ்சுரியைச் சொட்டுநீர் போட்ட விவசாயிகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. குழாயின் நடுவில் இடுப்பு ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய இடத்தில் நீரின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். பக்கத்துத் துளை வழியாக வாளியிலிருக்கும் யூரியாக் கரைசலைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பயோடீசல்காரர்கள் யூரியாவின் இடத்தில் காஸ்டிக் கலந்த மெத்தனாலை வைக்கிறார்கள்.

யூரியா வாளியில் தப்பு நடந்தால் ஒரு வாளி உரம் போகும். இங்கே அப்படி இல்லை. பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது என்று வையுங்கள். உறிஞ்சும் இழுப்பு அந்த நொடியே நின்றுவிடும். டேங்கில் உயரத்தில் நிற்கும் 55 டிகிரி எண்ணெய், வந்த வழியே பக்கத்துக் குழாய்க்குள் இறங்கி மெத்தனால் கேனுக்குப் போகும். மெத்தனால் கொதிப்பது 64.7 டிகிரியில். சூடான எண்ணெய் இறங்கினால் கேன் உப்பும், ஆவி பீறிடும், நிரம்பி வழியும். உறிஞ்சு குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத வெஞ்சுரியை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. அந்த வால்வும் ஒரு நாள் சிக்கிக்கொள்ளும். அதனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பால் வால்வும், பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கேன் காலியானதும் வெஞ்சுரி சும்மா இருக்காது, காற்றை உறிஞ்சத் தொடங்கும். அந்தக் காற்று டேங்குக்குள் போய், மெத்தனால் ஆவியைச் சுமந்துகொண்டு மேல் துவாரம் வழியாகக் கொட்டகைக்குள் வரும். மெத்தனால் 11 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடுகிற பொருள்; நம் ஊர் மார்கழிக் காலையே அதற்குப் போதுமான சூடு. காற்றில் ஆறு சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். சாதாரண மோட்டாரின் ஸ்விட்சில் எழும் பொறியே அதற்கு மிகுதி. பகல் வெளிச்சத்தில் மெத்தனால் தீ கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. சூடு உறைத்த பிறகுதான் எரிவது புரியும்.

ஆகவே பம்பை மாற்றுவது என்றால் ஹெச்பியைக் கூட்டுவது என்று நினைக்காதீர்கள். பெரிய மோட்டார் அதே கசிவை அதிக அழுத்தத்தில் தள்ளும். பயோடீசலைத் தாங்கும் விட்டான் சீல், பித்தளை இல்லாத இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உடல், பொறி வெளியே வராத ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார், கொட்டகைக்கு வெளியே ஸ்விட்ச், முறையான எர்த் என்று எல்லாம் சேர்ந்தால்தான் அது மேம்பாடு. ஜிஐ பைப்பும் பித்தளை, செம்பு ஃபிட்டிங்குகளும் பயோடீசலைக் கெடுக்கும். நரம்பு போட்ட கண்ணாடி ஹோஸ் நாளாவட்டத்தில் விறைத்து, கிளாம்ப்பிலிருந்து கழன்று தெறிக்கும். ஃபிளேம்ப்ரூஃப் மோட்டாரின் விலையைக் கேட்டால் மலைப்பு வரும். அந்த விலையைக் கொடுக்க முடியாது என்றால் இந்த வேலை வீட்டில் செய்யும் வேலை இல்லை என்றுதான் பொருள்.

தீயைவிட என்னை அச்சுறுத்துவது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது இதே மெத்தனால்தான். குடித்தால்தானே ஆபத்து என்று நண்பர் சொன்னார். அது தவறு. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் அது உடம்புக்குள் போகும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் முதலில் தாக்குவது பார்வை நரம்பை. குடித்தால் பத்து மில்லிலிட்டரே கண்ணைப் பறிக்கக்கூடும். அறிகுறி பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள் என்று தாமதமாக வரும். இதனால்தான் பலர் பிழைக்க முடியாமல் போகிறார்கள். மேலே கொட்டிவிட்டாலோ, ஆவியில் நின்று தலை சுற்றினாலோ, பார்வை மங்கினாலோ காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். கொட்டிய துணியைக் கழற்றிவிட்டு உடம்பை நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். ஆஸ்பத்திரியில் கூச்சப்படாமல், பயப்படாமல் “மெத்தனால்” என்ற சொல்லைச் சொல்லுங்கள். மாற்றுமருந்தும் டயாலிசிசும் இருக்கின்றன; எதற்கு என்று டாக்டருக்குத் தெரிந்தால்தான் அவை கைகொடுக்கும்.

மெத்தனாலை எங்கே வாங்குகிறீர்கள் என்று நண்பரைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கி, “தெரிஞ்சவர் மூலமாங்க” என்றார். தமிழ்நாட்டில் அது குற்றம். மெத்தனாலை வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் 1959இல் வகுத்த விதிகளுக்குக் கட்டுப்பட்டவை; உரிமம் வேண்டும். கள்ளக்குறிச்சிக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் தண்டனைகள் 2024இல் இன்னும் கடுமையாயின. எரிபொருளுக்காகத்தான் வாங்கினேன் என்பது உரிமத்துக்கு ஈடாகாது. செய்த பயோடீசலைப் பக்கத்து லாரிக்காரருக்கு விற்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். விற்பனைக்கு மத்திய பெட்ரோலிய அமைச்சகத்தின் 2019 ஏப்ரல் வழிகாட்டுதல்படி பதிவும், ஐஎஸ் 15607 தரமும் தேவை. பிரிட்டனில் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குள் தயாரிப்பவருக்கு 2007 முதல் எரிபொருள் வரி இல்லை. அந்த ஊர்ச் சலுகையை வீடியோவில் கேட்டுவிட்டு இங்கே கேனோடு நின்றால், போலீஸ் கேட்கும் கேள்விக்குப் பதில் இருக்காது.

பம்பு வாங்குகிறவருக்கு உரிமையே இல்லையா என்றால், நிச்சயம் உண்டு. “எந்தக் கெமிக்கலும் தாங்கும் சார்” என்று சொல்லி விற்ற பம்பு தாங்காமல் போனால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் தரலாம். கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணில் பேசிப் பார்க்கலாம். ஆனால் கடைக்காரர் சொன்னது எழுத்தில் வேண்டும். எந்தத் திரவம், எவ்வளவு சூடு என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர்மீது இழப்பீடு கேட்க முடியாது என்று அதே சட்டத்தின் 87ஆம் பிரிவு சொல்கிறது. தண்ணீர் பம்பு என்று பில் வாங்கி மெத்தனாலை ஓடவிட்டவரின் வழக்கு அந்த இடத்திலேயே விழுந்துவிடும்.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் உரிமை உண்டு. ஓட்டுவீடுகளுக்கு நடுவே ஒருவர் மெத்தனால் பேரல் வைத்திருந்தால் தீயணைப்பு நிலையத்திலும் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுக்கலாம். பொதுத் தொல்லையை அகற்றும்படி நிர்வாக நடுவர் உத்தரவிட பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு இடம் தருகிறது. இதைக் காட்டிக்கொடுப்பது என்று யாரும் கூசத் தேவையில்லை.

அப்படியானால் பொரித்து மிஞ்சிய எண்ணெயை என்ன செய்வது? 2018 ஜூலை முதல், பொரிக்கப் பொரிக்க எண்ணெயில் சேரும் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அதே ஆண்டு ஆகஸ்டு 10இல் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ, அந்த எண்ணெயைச் சேகரித்துப் பயோடீசலாக்கும் ‘ருக்கோ’ திட்டத்தைத் தொடங்கியது. நாளொன்றுக்கு ஐம்பது லிட்டருக்கு மேல் எண்ணெய் பயன்படுத்தும் உணவுத் தொழில்கள் 2019 மார்ச் முதல் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளருக்கே கழிவெண்ணெயைத் தர வேண்டும். உங்கள் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் அந்தச் சேகரிப்பாளர்களின் விவரம் கிடைக்கும். எண்ணெயை அளந்து, லிட்டருக்கு இவ்வளவு என்று பணம் தந்து எடுத்துப்போகிறார்கள். ரசீது கொடுக்காதவரிடம் மட்டும் தராதீர்கள்; அந்த எண்ணெய் வேறொரு ரோட்டோரச் சட்டிக்குத் திரும்பிவிடும்.

நண்பர் வெஞ்சுரி வாங்கவில்லை. மெத்தனால் வாங்குவதையும் நிறுத்திவிட்டார். கீசர் டேங்க் இப்போது பழைய இரும்புக் கடையில் இருக்கிறது. மாதம் இரண்டு முறை சேகரிப்பாளரின் வண்டி வந்து டின்களை எடுத்துப்போகிறது.