ஈயம் ஒன்றா, இரண்டா?

ரசம் வைப்பதற்கு ஈயச்சொம்பு ஒன்று வாங்கலாமென்று கன்னிவாடியிலிருந்து திண்டுக்கல் கடைத்தெருவுக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். “ஈயம்தானே?” என்று கேட்டால், “ஈயமேதான்” என்று பதில் வரும். அந்தப் பதில் போதாது. தமிழில் ஈயம் என்னும் பெயருக்குள் இரண்டு தனிமங்கள் அடங்கியுள்ளன. வெள்ளீயம் சமையலுக்கு ஏற்றது, காரீயம் நஞ்சு.

இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கார்பன், சிலிக்கன், ஜெர்மானியம், வெள்ளீயம், காரீயம் என்று மேலிருந்து கீழாக அமைந்த தொகுதி அது. இவற்றின் அணுக்கள் ஒவ்வொன்றிலும் வெளிக்கூட்டில் நான்கு எலெக்ட்ரான்கள் உண்டு. கார்பன் அந்த நான்கையும் பங்கிட்டு, வலுவான பிணைப்புகளை உண்டாக்கும். கீழே செல்லச் செல்ல அணு பருக்கிறது, பிணைப்பு தளர்கிறது. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றினால் உருகி ஒழுகிவிடும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்திதான். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகும். அடியில் உள்ள அடுப்புக்கரியோ எரியுமே தவிர உருகாது!

இன்னொரு மாற்றமும் நேர்கிறது. நான்கு எலெக்ட்ரான்களில் இரண்டு, அணுக்கருவை ஒட்டியே நின்று பிணைப்பில் சேரத் தயங்குகின்றன. வெள்ளீயத்தில் இத்தயக்கம் குறைவு. அதன் இணைதிறன் 2 ஆகவும் இருக்கும், 4 ஆகவும் இருக்கும். காரீயமோ 2-ஐயே விரும்பும். 4-ல் இருக்க நேர்ந்தால், பிறவற்றிடமிருந்து எலெக்ட்ரான்களைப் பறித்து 2-க்கு இறங்கிவிடப் பார்க்கும். லாரி பேட்டரியின் நேர்மின் தகட்டிலுள்ள காரீய டைஆக்சைடு செய்யும் வேலை இதுவே.

இந்த 2-ல்தான் ஆபத்தும் இருக்கிறது. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம், காற்றிலுள்ள ஆக்சிஜனின் துணையோடு காரீயத்தை அரிக்கும். அப்போது ரசத்தில் கலப்பது இரண்டு நேர்மின்னேற்றம் கொண்ட காரீய அயனி. கால்சியம் அயனிக்கும் அதே மின்னேற்றம். பருமனிலும் பெரிய வேறுபாடில்லை. உடல் ஏமாந்துபோய் அதை எலும்பில் சேர்த்துவைக்கிறது. பல்லாண்டுகள் அது அங்கேயே தங்கும். குழந்தைகளின் மூளைக்கு அது பெருங்கேடு. நாக்கும் எச்சரிக்காது, காரீய உப்புகளில் இனிப்பானவையும் உண்டு. வெள்ளீயமும் சிறிதளவு கரையத்தான் செய்யும். ஆனால் நம் குடல் அதில் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது.

எப்படிக் கண்டறிவது? காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கரிய கோடு விழும். வெள்ளீயக் கம்பியை வளைத்தால், உள்ளிருக்கும் படிகங்கள் இரட்டைப் படிகங்களாக உருமாறி ‘கிறீச்’ என்று ஒலிக்கும். ஒரே பருமனுள்ள துண்டுகளை நிறுத்துப் பார்த்தால், வெள்ளீயம் 7.3 கிராம் இருக்குமிடத்தில் காரீயம் 11.3 கிராம் இருக்கும். ஆனால் இவையெல்லாம் தூய உலோகத்துக்கு உரியவை. இரண்டும் எளிதில் கலந்து உருகும். காரீயம் விலையும் மலிவு. பற்றவைக்கும் ஈயம் இப்படிப்பட்ட கலவையாகவே நெடுங்காலம் விற்கப்பட்டது. சிறிதளவே காரீயம் கலந்த சொம்பைக் கண்ணாலோ காதாலோ அடையாளம் காண இயலாது. ஆய்வுக்கூடத்தில் சோதித்தால்தான் தெரியும்.