பொலிசுக்கு மேலே யார்?

ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர்கள் எம்மிடம் ஒரு விடயத்தைச் சற்றுப் பெருமையோடு சொல்வதுண்டு. தங்கள் நகரத்துப் பொலிசுக்கு மேலே பொதுமக்கள் சபை ஒன்று இருக்கிறதாம். "உங்கள் ட்ருகனினாவில் அந்தச் சபை எங்கே கூடுகிறது?" என்று அவர்கள் கேட்டால் நாம் விழிக்கிறோம். விக்ரோறியாவில் அப்படியொரு சபையே கிடையாது. அது இல்லாத இடத்தில் எமது குறையை யாரிடம் கொண்டுபோவது என்பதைப் புதிதாக வந்த குடும்பங்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது.

ரொறன்ரோச் சபையில் ஏழு பேர். நகர முதல்வர் அல்லது அவரது பிரதிநிதி, நகரசபை உறுப்பினர் இருவர், நகரசபை தெரிவுசெய்யும் பொதுமகன் ஒருவர், மாகாண அரசு நியமிக்கும் மூவர். பொலிஸ் தலைவரை நியமிப்பதும், கொள்கை வகுப்பதும், வரவுசெலவைத் தயாரித்து நகரசபைக்கு அனுப்புவதும் இவர்கள் வேலை. கூட்டத்தில் பெயர் பதிந்து எவரும் பேசலாம். ஆனால் "இன்னாரைப் பிடி, இன்னாரை விடு" என்று சபை கட்டளையிட முடியாது. அயலிலுள்ள பீல் பிராந்தியத்தில் இத்தகைய சபையொன்றுதான் 2019இல், இலங்கையில் பிறந்த நிஷான் துரையப்பாவைப் பொலிஸ் தலைவராக நியமித்தது.

எமது மண்ணிலும் இதற்கு ஒரு வரைவு உண்டு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் மூவர் கொண்ட பொலிஸ் ஆணைக்குழுவைச் சொல்கிறது. அதில் ஒருவர் பிரதிப் பொலிஸ்மா அதிபர், ஒருவர் முதலமைச்சர் நியமிப்பவர். எழுதியது எழுதியபடியே கிடக்கிறது. காக்கிச் சட்டையைக் கண்டால் ஒதுங்கிப் போகும் பழக்கம் எம்மவரை விட்டு இன்னும் போகாததற்குக் காரணம் சொல்லவும் வேண்டுமா?

இனி இங்கே. விக்ரோறியாவில் முன்னர் தனித்தனியே இருந்த பொலிஸ் படைகள் 1853இல் ஒன்றாக்கப்பட்டன. அன்று முதல் மாநிலம் முழுவதற்கும் ஒரே பொலிஸ்தான். ட்ருகனினாவின் ஒரு பகுதி வின்டம் நகரசபைக்கும் மறுபகுதி மெல்ற்றன் நகரசபைக்கும் உட்பட்டது. இரண்டுக்குமே பொலிஸ் மீது அதிகாரமில்லை. வாகனத் தரிப்பு, நாய் பூனை போன்றவற்றைப் பார்க்கும் நகரசபை அலுவலர் வேறு, பொலிஸ் வேறு. வீதியில் பொலிஸ் நடந்துகொண்ட விதம் பற்றி நகரசபைக்கு முறையிட்டுப் பயனில்லை.

பொலிஸ் தலைமை ஆணையாளரை நியமிப்பது மாநில அரசு. 2013ஆம் ஆண்டின் விக்ரோறியாப் பொலிஸ் சட்டப்படி அமைச்சர் கொள்கை பற்றி எழுத்தில் பணிப்புரை கொடுக்கலாம். குறித்த ஒரு வழக்கில் தலையிட முடியாது. ரொறன்ரோச் சபைக்கு உள்ள அதே வேலிதான். ஆனால் அங்கே எழுந்து பேசக் கிடைக்கும் ஒலிவாங்கி இங்கே இல்லை. இங்கே நாம் பிடிக்க வேண்டிய ஆள் எமது தொகுதியின் மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர்.

தவறு செய்த பொலிசாரை விசாரிக்க 'ஐபக்' எனப்படும் ஊழல் எதிர்ப்பு ஆணைக்குழு 2012இல் ஏற்படுத்தப்பட்டது. பெயர் சொல்லாமலும் முறையிடலாம். ஒரு குறையை மறைக்காமல் சொல்கிறோம்: அங்கு போகும் முறைப்பாடுகளில் பெரும்பாலானவை விசாரணைக்காகப் பொலிசுக்கே திரும்பி வருகின்றன. கள்ளன் கையில் திறப்பைக் கொடுத்தது போலல்லவா என்று எம்மவர் சிலர் கேட்கிறார்கள். அவ்வளவு கடுமையாக நாம் சொல்லமாட்டோம். ஆயினும் 2018இல் மாநிலப் பாராளுமன்றக் குழுவொன்று இதே விடயத்தை ஆராய்ந்து, கடுமையான குற்றச்சாட்டுகளை ஐபக்கே கூடுதலாக விசாரிக்க வேண்டும் என்றது.

சபை இல்லாவிட்டாலும் வழி உண்டு என்பதை மெல்பேர்ணின் ஆபிரிக்க இளைஞர்கள் காட்டினார்கள். பிளெமிங்டன் பகுதியில் நிறத்துக்காகவே தம்மைத் திரும்பத் திரும்ப மறித்தார்கள் என்று சமூகச் சட்ட நிலையத்தின் துணையோடு சமஷ்டி நீதிமன்றம் போனார்கள். 2013 பெப்ரவரியில் வழக்கு இணக்கமாக முடிந்தது. வீதியில் ஆட்களை மறிக்கும் முறையையும் பல்லினப் பண்பாட்டுப் பயிற்சியையும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டு மீளாய்வு செய்யப் பொலிஸ் ஒப்புக்கொண்டது. பல ஆண்டுகள் எடுத்தது. அவர்களும் எம்மைப் போல் அகதிகளாக வந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

உங்களை மறித்துப் பெயர் கேட்கும் பொலிசாரிடம் அவர் பெயர், பதவி, கடமை நிலையம் மூன்றையும் நீங்கள் கேட்கலாம். கேட்டால் சொல்ல வேண்டும் என்பது சட்டம். மரியாதையாகக் கேட்டு அன்றிரவே திகதி, நேரத்துடன் எழுதி வையுங்கள். தடுப்பில் வைத்து விசாரித்தால், ஆங்கிலம் போதாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை கேள்வி கேட்கக்கூடாது. பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். நீங்களாகப் பொலிசுடனோ வேறு அலுவலகத்துடனோ பேசவேண்டுமானால் 131 450 என்ற இலக்கத்தை அழைத்து "தமிழ்" என்று சொன்னாற் போதும்.