தென்பெண்ணையின் நுரையும் ஒரு வாலிபனின் வடிகட்டியும்

ஓசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் மதகுகளைத் திறக்கும்போது, சில நாட்களில் ஆறு முழுவதும் வெள்ளை வெளேரென்று நுரை மலைபோல் எழும்பிச் செல்வதைக் காணலாம். தூரத்தில் நின்று பார்ப்பவர்கள், திருப்பாற்கடல்தான் கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு எழுந்தருளிவிட்டதோ என்று மயங்கக்கூடும். கிட்டே போனால் அந்த மயக்கத்தை நாற்றம் தெளிவித்துவிடும்! நந்தி மலைப் பக்கத்தில் பிறக்கும் தென்பெண்ணை, தமிழ்நாட்டு எல்லையை எட்டுவதற்குள் பெங்களூர் மாநகரத்தின் சாக்கடையையும் சோப்பு நீரையும் ஆலைக் கழிவையும் ஏற்றுக்கொண்டு விடுகிறாள். அந்த ஜலந்தான் இப்பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது.

கிணற்றை நம்பலாம் என்றாலோ, அங்கே வேறு சங்கடம். கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில், பாறையிலிருந்து புளோரைடு கரைந்து வருகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் குழந்தைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும். அளவு மிகுந்தால் நாளடைவில் எலும்புக்கும் கேடு. இதை முன்னிட்டே ஒகேனக்கல்லிலிருந்து காவேரி நீரைக் கொண்டுவரும் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

இப்படிப்பட்ட விஷயங்களைப் பள்ளி மாணாக்கர்களே ஆராய்வதற்கென்று ஒரு சர்வதேசப் போட்டி இருக்கிறது. 1997 முதல் ஸ்வீடன் தேசத்து ஸ்டாக்ஹோம் நகரில் ஆண்டுதோறும் நடைபெறும் 'ஸ்டாக்ஹோம் இளையோர் தண்ணீர்ப் பரிசு'தான் அது. 15 முதல் 20 வயது வரையுள்ளவர்கள், தங்கள் தேசத்துப் போட்டியில் ஜெயித்து அங்கே போகிறார்கள்.

2015-ல் அப்பரிசைப் பெற்றவர் அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்து வாலிபர் பெர்ரி அழகப்பன். பெயரில் நம் ஊர் வாசனை வீசுகிறதல்லவா? இந்தியாவிலுள்ள தாத்தா பாட்டியைப் பார்க்க வந்த இடத்தில், குப்பையில் எறிந்த மின்னணுச் சாதனங்களின் விஷம் நிலத்தடி நீரைக் கெடுப்பதை அவர் அறிந்தார். ஊர் திரும்பியதும், கார்பன் நுண்குழாய்களைக் கொண்டு ஒரு வடிகட்டி செய்தார். நீரிலுள்ள கன உலோகங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை அது பிடித்துக்கொள்கிறது. பிறகு காடி விட்டுக் கழுவினால் மறுபடியும் உபயோகிக்கலாம். நம் வீட்டு ஊறுகாய்க்குச் சேர்க்கும் அதே காடிதான்!

அந்த வடிகட்டி கெலவரப்பள்ளி நுரையைப் போக்காது. புளோரைடுக்காகச் செய்யப்பட்டதும் அன்று. ஆனால் விருந்தாளியாக வந்த பிள்ளையின் கண்ணில் பட்டது, இங்கேயே குடியிருக்கும் நமக்குப் பழகிப்போய்விட்டதே என்பதுதான் நம் மனத்தை உறுத்துகிறது.

புளோரைடைக் கண்டறிவது பிரம்ம வித்தை அல்ல. அலிசரின் சாயமும் சிர்கோனிய உப்பும் சேர்ந்த திராவகத்தைச் சிறிது விட்டால் போதும். நீரில் புளோரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு வெளுத்து மஞ்சளாகும். சூளகிரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி, கோடையில் ஒரு தடவையும் ஐப்பசி மழைக்குப் பின் ஒரு தடவையும் தன் தெருக் கிணறுகளை இவ்விதம் சோதித்து நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டால், ஸ்டாக்ஹோம் இருக்கட்டும், எந்தக் கிணற்று நீரில் புளோரைடு மிகுதி, எதைத் துணி தோய்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அவள் தாயாருக்காவது தெரிந்துவிடும்.