எண்ணெயில் வழுக்கிய கொலை

1721-இல் ஒசாகா நகரத்தின் தகெமோதோ பொம்மலாட்ட அரங்கில் ஒரு புது நாடகம் மேடையேறியது. எழுதியவர் ஜப்பானிய நாடக மேதை சிக்காமட்சு மொன்சயெமோன். ‘பெண் கொலை, எண்ணெய் நரகம்’ என்ற அந்தக் கதைக்கு நிஜக் கொலை ஒன்றே கரு என்பார்கள். அன்றைய ரசிகர்களிடம் அது எடுபடவில்லை. கிடப்பில் போடப்பட்ட நாடகம் 20-ஆம் நூற்றாண்டில்தான் மறுபடி மேடை கண்டது. அதை 1992-இல் திரைக்குக் கொண்டுவந்தவர் ஹிதேயோ கோஷா.

நாடகத்தின் கதாநாயகன் யோஹெய்க்கு வயது 23. எண்ணெய்க் கடைக்காரரின் இளைய மகன். அப்பா இறந்ததும், கடையில் வேலை பார்த்தவரே அம்மாவை மணந்து குடும்பத்தைத் தாங்குகிறார். பழைய முதலாளியின் பிள்ளையாயிற்றே என்று அவனை அதட்டவும் தயங்குகிறார். பையனோ தாசி வீட்டில் காசைக் கரைக்கிறான். வளர்ப்புத் தந்தையின் முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பதித்து 200 மொம்மே வெள்ளி கடன் வாங்குகிறான். விடிவதற்குள் திருப்பித் தராவிட்டால் ஐந்து மடங்கு கட்ட வேண்டும்.

அன்று இரவு அவன் போய் நிற்பது இன்னொரு எண்ணெய் வியாபாரியின் வீட்டு வாசலில். அந்த வீட்டுக்காரி ஒகிச்சி, மூன்று பெண் குழந்தைகளுக்குத் தாய், அவனிடம் பரிவு காட்டுபவள். அவனை வீட்டைவிட்டு விரட்டிய பெற்றோர், ஒருவருக்கொருவர் தெரியாமல் அங்கே வந்து, “அவனிடம் கொடுத்துவிடு” என்று சில்லறையை நீட்டுகிறார்கள். மறைந்து நின்று எல்லாவற்றையும் கேட்கிறான் யோஹெய், மனம் இளகுகிறது. ஆனால் கடனை அடைக்க அந்தக் காசு போதாது. ஒகிச்சியிடம் கேட்கிறான், மறுக்கிறாள். எண்ணெயாவது கடனாகக் கொடு என்கிறான். அவள் அளக்கத் திரும்பும்போது கத்தியை எடுக்கிறான்.

பானைகள் கவிழ்ந்து தரையெங்கும் எண்ணெய். துரத்துபவனும் தப்புபவளும் ஒருசேர வழுக்கி விழுகிறார்கள். பொம்மலாட்டத்தில் பொம்மைகள் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சறுக்கிப் பாயும். கபுகி என்னும் மேடை நாடக வடிவில் நடிகர்களோ வழுவழுப்பான குழம்பில் நிஜமாகவே புரளுவார்கள்.

வாள்சண்டைப் படங்களில் பேரெடுத்த கோஷா, கதையின் அடித்தளத்தையே மாற்றினார். கனாகோ ஹிகுச்சி நடித்த ஒகிச்சி இங்கே வெறும் இரக்கக்காரி அல்ல; ஷினிச்சி சுட்சுமியின் யோஹெய் மீது அவளுக்கும் ஆசை, பொறாமை எல்லாம் உண்டு. நாடகத்தில் பணத்துக்காக நடந்த கொலை, படத்தில் காமம் முற்றி விளைந்த கொலையாகிறது. இந்த மாற்றத்தால் ஒகிச்சி தன் விருப்பு வெறுப்புகளோடு ஒரு முழுப் பெண்ணாகிறாள். ஆனால் பெற்றோரின் பாசத்தைக் காதால் கேட்டு உருகியவன் அடுத்த நாழிகையே கொலைகாரனாகிறானே, சிக்காமட்சு வைத்த அந்தத் திகைப்பு படத்தில் நீர்த்துப்போகிறது. கோஷாவுக்கு இதுவே கடைசிப் படம். அதே ஆண்டு அவர் காலமானார்.