உங்களுக்குத் தெரியுமா? ஏட்டில் ஒரு வெஸ்டரோஸ், திரையில் ஒரு வெஸ்டரோஸ்

(எச்சரிக்கை: கதையின் பெரிய திருப்பங்கள் சில கீழே உடைபடுகின்றன. படிக்காதவர்களும் பார்க்காதவர்களும் யோசித்துவிட்டு உள்ளே வாருங்கள்.)

● 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்பது டிவி தொடரின் பெயர். வெஸ்டரோஸ் என்ற கற்பனை நாட்டை வைத்து ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிவரும் நாவல் வரிசைக்குப் பெயர் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்'. 1996-ல் வந்த அதன் முதல் நாவலின் தலைப்பைத்தான் ஹெச்பிஓ தொடருக்கு வைத்துக்கொண்டது. மூன்றே நாவலில் முடிப்பதாகத்தான் மார்ட்டின் ஆரம்பித்தார். திட்டம் இப்போது ஏழில் நிற்கிறது. வெளிவந்தவை ஐந்து.

● மார்ட்டின் டிவிக்குப் புதியவர் அல்லர். 1980-களில் 'தி ட்விலைட் ஸோன்', 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' தொடர்களில் எழுத்தாளராக இருந்தவர். அங்கே அவர் எழுதிய காட்சிகள் செலவு அதிகம் என்று அடிக்கடி வெட்டப்பட்டன. அந்த வெறுப்பில்தான், படமாக்கவே முடியாத அளவுக்கு ஒன்றை எழுதுவோம் என்று நாவலுக்குத் திரும்பினார். கோட்டைகள், டிராகன்கள், ஆயிரம் பாத்திரங்கள், 700 அடி உயரப் பனிச்சுவர் என்று கைக்கு வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டார். கடைசியில் அதையே தூக்கிக்கொண்டு போய்ப் படமாக்கிவிட்டார்கள்.

● நாவல்களை ஒலிநூலாகக் கேட்டால் ஐந்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 200 மணி நேரம் ஆகும். எட்டு சீசன், 73 எபிசோடுகளையும் பார்த்து முடிக்கச் சுமார் 70 மணி நேரம் போதும். அதிலும் டிவி கதையை முடித்தே விட்டது. நாவல் இன்னும் முடியவில்லை.

● ஒலிநூலைப் படித்தவர் ராய் டாட்ரிஸ். முதல் நாவலுக்கு மட்டும் 224 பாத்திரங்களுக்குத் தனித்தனிக் குரல் கொடுத்து கின்னஸ் சாதனை படைத்தார். 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' காலத்திலிருந்தே மார்ட்டினுக்குப் பழக்கமானவர்.

● ராப் ஸ்டார்க்குக்கு நாவலில் ஓர் அத்தியாயம்கூடக் கிடையாது! நம்ப முடியவில்லையா? மார்ட்டினின் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே ஒரு பாத்திரத்தின் கண் வழியாக மட்டுமே நகரும். முன்னுரைகளையும் பின்னுரைகளையும் விட்டுவிட்டால், முதல் நாவல் முழுக்க அப்படி எட்டே பேர்தான். வடக்கின் அரசனாக முடிசூட்டிக்கொண்ட ராப் அந்தப் பட்டியலில் என்றைக்குமே இடம்பெறவில்லை. அதனால் அவன் காதல் நமக்குத் தெரியாது. போர்க்களம் போனவன் ஒருநாள் ஜேன் வெஸ்டர்லிங் என்ற பெண்ணை மணந்துகொண்டு திரும்பி வருகிறான். தாய் கேட்லினோடு சேர்ந்து நாமும் திகைக்கிறோம். கேமராவுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. டிவியில் டலீசா என்ற புதுப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, காதலை நம் கண் முன்னாலேயே வளர்த்தார்கள்.

படிப்பதற்கும் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. கேமரா எல்லா அறைக்குள்ளும் நுழையும், ஆனால் ஒருவர் மனதுக்குள் மட்டும் நுழையாது. ராணி செர்சியையே பாருங்கள். நான்காவது நாவலில்தான் அவளுக்கு முதல் அத்தியாயம் கிடைக்கிறது. அதுவரை கெட்டிக்காரச் சூழ்ச்சிக்காரி என்று நினைத்திருந்தவளின் மண்டைக்குள் எத்தனை பயமும் அசட்டுத்தனமும் இருக்கின்றன என்று அப்போதுதான் தெரிகிறது. லீனா ஹெடி எவ்வளவு பிரமாதமாக நடித்தும் டிவியில் அந்தச் செர்சி கிடைக்கவில்லை.

● முதல் சீசனின் பல எபிசோடுகள், எடுத்து முடித்தபோது சுமார் பத்து நிமிடம் குறைவாக இருந்தன. இருவர் உட்கார்ந்து பேசும் காட்சிக்குச் செலவு குறைவு. அப்படி அவசரமாக எழுதிச் சேர்த்ததில் ஒன்றுதான், அரசன் ராபர்ட்டும் செர்சியும் தங்கள் பாழாய்ப்போன திருமணத்தைப் பற்றி மனம்விட்டுப் பேசும் காட்சி. நாவலில் அது இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அந்த அறையில் 'கண்' யாரும் இல்லையே! இரண்டாம் சீசனில் ராப்பின் தங்கை ஆர்யா, செர்சியின் தந்தை டைவின் லானிஸ்டருக்கு மது ஊற்றிக்கொண்டே வாய்கொடுக்கும் காட்சிகளும் டிவிக்காரர்களின் கற்பனைதான். நாவலில் அவள் பணிவிடை செய்வது ரூஸ் போல்டனுக்கு. நாவல் பக்தர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன்: இந்த இரண்டு இடத்திலும் டிவிதான் ஜெயித்தது.

● முதல் நாவலில் செர்சியின் தம்பி டிரியன் கோடரி ஏந்திப் போர்க்களத்தில் நிஜமாகவே சண்டை போடுகிறான். டிவியில்? போர் தொடங்கும் முன்பே சொந்தப் படையினர் இடித்துத் தள்ள, மயங்கி விழுகிறான். கண் விழிக்கும்போது போர் முடிந்திருக்கிறது. எல்லாம் பட்ஜெட் படுத்திய பாடு.

● இரண்டாவது நாவலின் பிளாக்வாட்டர் போரில், ஆற்றின் குறுக்கே டிரியன் ரகசியமாகப் பூட்டிவைக்கும் ராட்சதச் சங்கிலிதான் எதிரிக் கப்பல்களைச் சிக்கவைக்கிறது. டிவியில் அந்தச் சங்கிலியைக் காணோம். அந்த எபிசோடின் திரைக்கதை யாருடையது தெரியுமா? மார்ட்டினுடையதேதான்! முதல் நான்கு சீசன்களுக்கும் சீசனுக்கு ஒன்றாக அவரே எபிசோடு எழுதிக்கொடுத்தார்.

● அதே போரில் டிரியன் நாவலில் மூக்கின் பெரும்பகுதியை இழக்கிறான். டிவியில் டிரியனாக நடித்த பீட்டர் டிங்க்லேஜுக்கு முகத்தில் ஒரு தழும்போடு போயிற்று. நாவலில் இளவரசி டெனேரிஸுக்கு ஊதா நிறக் கண்கள். வண்ண லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள். கண்ணின் உணர்ச்சி மறைகிறதே என்று கைவிட்டுவிட்டார்கள்.

● நாவல் தொடங்கும்போது டெனேரிஸுக்கு வயது 13. ராப்புக்கும் அவனோடு வளர்ந்த ஜான் ஸ்னோவுக்கும் 14. டிவியில் எல்லாருக்கும் சில ஆண்டுகளைக் கூட்டினார்கள். இந்த ஒரு விஷயத்தில் யாரும் புகார் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது.

● விருந்துக்கு வந்தவர்களைக் கொன்றுபோடும் 'ரெட் வெட்டிங்' வெறும் கற்பனை அல்ல. ஸ்காட்லாந்து வரலாற்றில் 1440-ல் எடின்பரோ கோட்டையில் நடந்த 'கறுப்பு விருந்து', 1692-ன் க்ளென்கோ படுகொலை ஆகிய இரண்டிலிருந்தும் மார்ட்டின் எடுத்துக்கொண்டது. எழுதவே மனம் வராமல், மூன்றாவது நாவலின் மற்ற எல்லா அத்தியாயங்களையும் முடித்த பிறகுதான் அதைத் தொட்டார். 2013 ஜூனில் அந்த எபிசோடு ஒளிபரப்பானபோது டிவி ரசிகர்கள் அலறினார்கள். நாவல் வாசகர்கள் அந்த அடியை 2000-லேயே வாங்கியவர்கள். நண்பர்களின் அலறலை வீடியோ எடுத்து இணையத்தில் ஏற்றினார்கள், பாவிகள்.

● அதே படுகொலையில் இறந்த கேட்லின், நாவலில் 'லேடி ஸ்டோன்ஹார்ட்' என்ற பெயரில் பழிவாங்கும் பிணமாக எழுந்து வருகிறாள். டிவியில் வரவே இல்லை. பார்த்தவர்கள் படிக்க வேண்டியதற்கு இது ஒன்றே போதும்.

● தயாரிப்பாளர்கள் பெனியாஃபும் வெய்ஸும் முதன்முதலில் 2006-ல் மார்ட்டினைச் சந்தித்தபோது, அவர் வைத்த பரீட்சை: "ஜான் ஸ்னோவின் தாய் யார்?" சரியாகச் சொன்னார்கள். அந்தப் பதிலை 2016-ல் டிவி உலகத்துக்கே சொல்லிவிட்டது. நாவலில் அது இன்னும் வெளிப்படையாக வரவில்லை.

● ஜான் ஸ்னோ கத்திக்குத்து வாங்குவதோடு ஐந்தாவது நாவலில் அவன் கதை நிற்கிறது. டிவி ரசிகர்கள் அதை 2015 ஜூனில் பார்த்தார்கள், ஓராண்டுக்குள் அவன் உயிர்த்தெழுவதையும் பார்த்துவிட்டார்கள். வாசகர்கள் 2011 ஜூலையிலிருந்து காத்திருக்கிறார்கள்.

● நேர் எதிர்க் கதையும் உண்டு. ராபர்ட் ஜோர்டானின் 'தி வீல் ஆஃப் டைம்' 1990-ல் தொடங்கியது. 2007-ல் அவர் இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுத, 2013-ல் பதினான்காவது நாவலோடு கதை நிறைவடைந்தது. அமேசான் எடுத்த தொடரோ மூன்றே சீசனில் 2025-ல் நிறுத்தப்பட்டது. இங்கே முடிவு வேண்டுமென்றால் படித்துத்தான் ஆக வேண்டும்.

● சரி, வெஸ்டரோஸுக்குப் புதிதாகப் போகிறவர் எதில் தொடங்கலாம்? என் யோசனை: முதல் மூன்று நாவல்களைப் படித்துவிட்டு, முதல் நான்கு சீசன்களைப் பாருங்கள். இரண்டும் அவற்றின் உச்சத்தில் இருப்பது அங்கேதான். அதன் பிறகு டிவி அவசரப்படுகிறது, நாவல் ஊர்ந்து போகிறது. நான்காவது, ஐந்தாவது நாவல்களைத் தொட்டால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: ஆறாவது நாவலுக்கு 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' என்று பெயர் மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், புத்தகம் இன்னும் கடைக்கு வரவில்லை.